தோட்ட வேலையும் நியாயக் கூலியும்

நமது சட்டப் புத்தகங்களில் பதினெட்டு என்னும் எண்ணுக்கு ஒரு தனி மகிமை உண்டு. 1875-ஆம் வருஷத்து மேஜர் வயதுச் சட்டம் அந்த எண்ணைத்தான் வரம்பாக வைத்தது. அந்த வயது நிரம்பியவன் ஒப்பந்தம் செய்து கொள்ளலாம். தன் சொத்தைத் தானே விற்கலாம். 1989 முதற்கொண்டு வோட்டும் போடலாம். பொதுவாகப் பிள்ளைகளுக்குக் கதவுகள் திறக்கும் வயது அது. ஆனால் ஒரு வகுப்பாருக்கு மாத்திரம் அதே நாளில் ஒரு கதவு சாத்தப்படுகிறது. அறிவு வளர்ச்சியில் குறையோடும், மூளை முடக்குவாதத்தோடும், ஆட்டிசம் என்று வைத்தியர்கள் கூறும் தன்மையோடும் வாழும் குழந்தைகளில், குறைபாடு நூற்றுக்கு 40-க்குக் குறையாதவர்களுக்கு, ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரையில் இலவசக் கல்வி பெறும் உரிமையை 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு அளிக்கிறது. பத்தொன்பதாவது வயதில் அவர்கள் எங்கே போவது என்று கேட்டால் அப்பிரிவு மௌனம் சாதிக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் நமது வக்கீல் அறைக்கு ஒரு தகப்பனார் வந்தார். இருபது வயது மதிக்கத்தக்க அவருடைய குமாரனும் கூட வந்திருந்தான். எழுத்து அறியாதவன், நாலு வார்த்தைக்கு மேல் கோவையாகப் பேசவும் அறியாதவன். தமக்குப் பின் அவனுடைய சொத்தையும் உடம்பையும் பார்த்துக்கொள்ள ஒரு கார்டியனை நியமிக்க வேண்டுமென்பது தகப்பனாரின் கோரிக்கை. அதற்குக் கோர்ட்டுக்கு நடக்க வேண்டிய அவசியமில்லை. 1999-ஆம் வருஷத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஜில்லா கலெக்டர் தலைமையிலுள்ள உள்ளூர்க் கமிட்டிக்கு மனுச் செய்தால் போதுமென்று சொன்னோம். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. அதற்குள் பையன் தாழ்வாரத்துக்குப் போய், அங்கிருந்த குரோட்டன் தொட்டிகளில் காய்ந்து தொங்கிய இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி ஓரிடத்தில் குவிக்கலானான். நமது குமாஸ்தா தடுக்கப் போனார். “விட்டுவிடுங்கள் ஐயா, வீட்டிலும் அவனுக்கு அதுதான் பொழுது” என்றார் தகப்பனார். பிறகு நம்மைப் பார்த்து, “வக்கீல் ஐயா, நான் செத்த பிறகு நடக்க வேண்டியதைச் சொல்லிவிட்டீர்கள். நாளைக் காலையில் எழுந்து அவன் என்ன செய்வது? பள்ளிக்கூடத்தில் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களே” என்றார்.

நாம் பதில் சொல்ல முடியாமல் விழித்தோம். வக்கீல்களுக்கு இது வழக்கமன்று. அந்தத் தொட்டிகளின் அருகிலேயே விடையின் ஒரு பாதி நின்றுகொண்டிருந்தது என்பது பிற்பாடுதான் நமக்கு விளங்கிற்று.

தோட்டச் சிகிச்சை என்று மேல் நாட்டார் ஒரு முறையை வகுத்திருக்கின்றனர். செடி வளர்க்கும் வேலையை, பயிற்சி பெற்ற ஒருவருடைய மேற்பார்வையில், ஒவ்வொருவருடைய குறையையும் திறமையையும் அளந்து பகிர்ந்து கொடுத்து, அதனால் அவர்களுடைய கை, மனம், பேச்சு, பழக்கம் ஆகியவற்றைச் சீர்படுத்துவதே அம்முறையின் சாரம். புஷ்பங்களைப் பார்த்துச் சந்தோஷப்படுவது வேறு, இது வேறு. ஆஸ்பத்திரி ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள் என்று ரோஜர் அல்ரிச் என்பவர் 1984-ல் எழுதிய ஆராய்ச்சியை இவ்விஷயத்தில் அடிக்கடி எடுத்துக் காட்டுவார்கள். அது பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேரைப் பற்றியது. நமது வாலிபர்களுக்கு அது அதிகமாகப் பொருந்தாது. அவர்களுக்கு வேண்டியது ஜன்னல் அன்று, களைக்கொத்து.

தோட்ட வேலையில் அப்படி என்ன விசேஷம்? ஒரு கீரைப் பாத்தியை எடுத்துக்கொள்வோம். மண்ணைக் கொத்தி உடைக்க வேண்டும். கல்லையும் வேரையும் பொறுக்க வேண்டும். எருவைத் தூவிக் கலக்க வேண்டும். விதை மிகவும் சன்னமானதாகையால் அதனுடன் மணலைச் சேர்த்து விதைக்க வேண்டும். மேலே லேசாக மண் தள்ளிப் பூவாளியால் தண்ணீர் தெளிக்க வேண்டும். இவ்வளவையும் வரிசையாக நினைவில் வைத்துக்கொள்ள முடியாத ஒருவன் கல் பொறுக்கும் வேலையை மட்டும் பழுதில்லாமல் செய்வான். எண்ணத் தெரியாதவனிடம், நாற்றுக்கு நாற்று விடவேண்டிய இடைவெளியின் அளவுக்கு வெட்டிய ஒரு குச்சியைக் கொடுத்துவிட்டால், எண் தெரிந்தவனைவிட ஒழுங்காக நடுவான். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு முழங்கால் நுழையும்படி கீழே இடம் விட்டு மேடைபோல் உயர்த்திய பாத்தி வேண்டும். அதைக் கட்டக் கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை. ஒரு கை விளங்காதவருக்கு நீண்ட காம்புள்ள கருவி. கண் தெரியாதவருக்கு மரிக்கொழுந்தும் புதினாவும் துளசியும் பாத்திக்குப் பாத்தி வாசனையால் வழி காட்டும். ஒரே காரியத்தை நூறு தரம் அலுக்காமல் செய்வது ஆட்டிசம் உள்ள பலருடைய இயல்பு. வகுப்பறையில் அதைக் குற்றம் என்றார்கள். நாற்றங்காலில் பை நிரப்பும்போது அதுவே தொழில் திறமை ஆகிறது.

இவையெல்லாம் வெளிக் கணக்கு. உள்ளே நடப்பது இன்னும் முக்கியமானது. பிறந்த நாள் முதல் பிறருடைய கவனிப்பிலேயே வளர்ந்தவன் இவன். இவனுக்குச் சோறு ஊட்டினார்கள், குளிப்பாட்டினார்கள், கைபிடித்து நடத்தினார்கள். இவனை நம்பி ஒன்றும் இருந்ததில்லை. இப்போது ஒரு பாத்தி இவனை நம்பி இருக்கிறது. காலையில் தண்ணீர் விட மறந்தால் சாயங்காலத்துக்குள் நாற்று தலை சாய்கிறது. ஓடிப்போய் ஊற்றினால் பெரும்பாலும் மறுநாள் நிமிர்ந்து நிற்கிறது. இதைவிடக் கோபமில்லாத வாத்தியாரை எங்கே தேடுவது? சிறுகீரை இருபத்தைந்து நாளில் அறுவடைக்கு வந்துவிடும். வெண்டை நாற்பத்தைந்து நாளில் காய்க்கத் தொடங்கும். பெரியகுளத்துத் தோட்டக்கலைக் கல்லூரியார் 1989-ல் வெளியிட்ட செடி முருங்கை ஆறு மாதத்தில் காய் கொடுக்கும். சீக்கிரம் பலன் காண வேண்டியவனுக்குக் கீரை, பொறுமை பழக வேண்டியவனுக்கு முருங்கை என்று பயிரையே பாடமாக வகுக்கலாம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இச்சிகிச்சையைப் பற்றி வந்துள்ள ஆராய்ச்சிகளில் மிகுதியானவை சிறியவை. சில வாரங்களே நடந்தவை. முதியோரையும் மனச் சோர்வுற்றவர்களையும் பற்றியவை அநேகம். இளம் வயதினரான அறிவுத்திறன் குறைந்தோரைப் பற்றி நிதானமாகச் செய்த ஆராய்ச்சிகள் சொற்பம். ஆகையால், தோட்டத்தில் விட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று விளம்பரம் செய்பவரிடம் வாசகர்கள் ஜாக்கிரதையாக இருப்பது நலம். நமது வாதம் அந்த விளம்பரத்தின்மேல் நிற்கவில்லை.

நிற்க. இந்த எண்ணம் புதிதன்று. 1812-ல் பிலடெல்பியா நகரத்து வைத்தியர் பெஞ்சமின் ரஷ், மன நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர்களுள் அவரும் ஒருவர் என்பதை நமது அரசியல் நண்பர்கள் அறிந்திருப்பார்கள். ஆஸ்பத்திரிகளில் விறகு பிளந்தும், அடுப்பு மூட்டியும், தோட்டம் கொத்தியும் உதவி செய்த ஏழை நோயாளிகள் பல சமயங்களில் குணமடைந்து போனார்களென்றும், தங்கள் அந்தஸ்தை முன்னிட்டு அவ்வேலைகளிலிருந்து விலக்கப்பட்டவர்கள் ஆயுள் முழுவதும் அந்தச் சுவர்களுக்குள்ளேயே வாடிக் கிடந்தார்களென்றும் அவர் அந்நூலில் குறிப்பிட்டார். பணக்காரனுக்குச் செய்த மரியாதையே அவனுக்கு நோயாயிற்று. 1817-ல் அதே நகரத்தில் குவேக்கர் சமயத்தார் திறந்த மனநோய் இல்லத்தில் நிலமும் தோட்டமும் சிகிச்சையில் ஓர் அங்கமாகவே இருந்தன.

அதன் பிறகு நடந்த கதைதான் நமக்கு எச்சரிக்கை. அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், அறிவு வளர்ச்சி குன்றிய வாலிபர்களை ஊருக்கு ஒதுக்குப்புறமான பண்ணைகளில் குடியேற்றும் ஏற்பாடு தோன்றிற்று. மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்தில் டெம்பிள்டன் பண்ணைக் குடியிருப்பு 1899-ல் தொடங்கிற்று. நியூயார்க் மாகாணத்து ரோம் என்னும் ஊரில் சார்ல்ஸ் பர்ன்ஸ்டீன் என்ற வைத்தியர் 1906 முதல் இத்தகைய பண்ணைகளை அமைத்தார். பர்ன்ஸ்டீன் நல்லெண்ணம் உடையவர். பண்ணையில் பழகியவர்களை வெளி உலகத்துக்குத் திருப்பி அனுப்பவும் முயன்றார். ஆயினும் பொதுவாக இப்பண்ணைகளின் நோக்கம் இரண்டு: இவர்களை மற்ற ஜனங்களின் கண்ணிலிருந்து பிரித்து வைப்பது ஒன்று, ஸ்தாபனத்தின் சாப்பாட்டுச் செலவை இவர்கள் உழைப்பினாலேயே ஈடு செய்வது மற்றொன்று. பால் கறந்தார்கள், உருளைக்கிழங்கு தோண்டினார்கள், பெரும்பாலோர் கூலி என்பதைக் கண்ணால் கண்டதில்லை. வேலை அவர்களுக்கு நன்மை செய்கிறது, ஆகவே கூலி வேண்டியதில்லை என்பது அதிகாரிகளின் நியாயம். இந்த நியாயத்தை நாம் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறோம். தேயிலைத் தோட்டத்துத் துரைமார்களும் ஏறக்குறைய இப்படித்தான் பேசினார்கள்.

1973-ல் வாஷிங்டனில் ஸௌடர் எதிர் பிரென்னன் என்னும் வழக்கில், மாற்றுத்திறனாளிகளின் ஸ்தாபனங்களில் வேலை செய்பவர்களும் தொழிலாளரே. அவர்கள் உழைப்பினால் ஸ்தாபனம் லாபம் அடையுமானால், அது அவர்களுக்குச் சிகிச்சையாகவும் இருக்கிறது என்ற காரணத்தால் கூலியை மறுக்க முடியாது என்று தீர்ப்பாயிற்று. படித்தபோது நமக்கு உள்ளம் குளிர்ந்தது. ஆனால் தீர்ப்பின் விளைவு வேறு விதமாக இருந்தது. பல ஸ்தாபனங்கள் கூலி கொடுப்பதைவிட வேலையையே நிறுத்திவிடுவது சுலபமென்று கண்டன. நேற்று வரை சும்மா உழைத்தவர்கள் இன்று சும்மா உட்கார்ந்தார்கள். மூன்று வருஷங்களுக்குப் பின், 1976-ல், மாகாண சர்க்கார்களின் ஊழியர்களுக்கு மத்தியக் கூலிச் சட்டத்தை விதிப்பது செல்லாதென்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் சொல்லிவிட, மாகாண ஸ்தாபனங்களைப் பொறுத்தவரையில் தீர்ப்பின் பல்லும் பிடுங்கப்பட்டது. தோட்டச் சிகிச்சை செய்வோர் அமெரிக்காவில் தேசிய சங்கம் ஒன்றை ஸ்தாபித்ததும் அதே 1973-ல்தான். ஒன்று மற்றதன் விளைவு என்று நாம் கூறவில்லை. கூலியில்லாத வேலையாகத் தோட்டம் வெளியே போன காலத்தில், சிகிச்சை என்ற பெயரில் அது மறுபடி உள்ளே வந்தது என்பதை மட்டும் கவனிக்கச் சொல்கிறோம். முன்பு வாலிபன் உழைத்து ஸ்தாபனம் சம்பாதித்தது. இப்போது அதே உழைப்புக்குச் சிகிச்சைக் கட்டணம் என்று அவனுடைய குடும்பத்தாரிடம் கேட்கவும் இடமுண்டாயிற்று.

இந்த இரண்டுக்கும் நடுவே வேறொரு வழி உண்டா என்று தேடியவர்களில் கார்ல் கோனிக் முக்கியமானவர். வியன்னா நகரத்தில் 1902-ல் பிறந்த யூத வம்சத்து வைத்தியர். 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது தேசத்தை விட்டு ஓடி, ஸ்காட்லாந்தில் அபெர்டீன் நகரத்துக்கு அருகில் சில சகாக்களுடன் குடியேறினார். அங்கே குறைபாடுள்ள குழந்தைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார்கள். 1940-ல் காம்ப்ஹில் என்னும் எஸ்டேட்டுக்கு மாறும் தறுவாயில், ஹிட்லருக்குத் தப்பி வந்த இவர்களையே எதிரி நாட்டுப் பிரஜைகள் என்று பிரிட்டிஷ் சர்க்கார் கருதி, ஆண்களைச் சிறைப்படுத்தி வைத்தது. ஸ்திரீகள் சோர்ந்துவிடவில்லை, குறித்தபடி ஜூன் மாதத்தில் தாங்களே குழந்தைகளுடன் குடி பெயர்ந்தார்கள்.

குழந்தைகள் வளர்ந்தார்கள். நம்மிடம் வந்த தகப்பனார் கேட்ட கேள்வி கோனிக்கின் முன்னும் வந்தது. விடையாக 1955-ல் இங்கிலாந்தில் யார்க்ஷயர் மலைச் சரிவில் பாட்டன் கிராமம் எழுந்தது. புத்தக வெளியீட்டில் பேர்பெற்ற மாக்மில்லன் குடும்பத்தார் அளித்த நிலம் அது. பண்ணை, காய்கறித் தோட்டம், ரொட்டிக் கிடங்கு, மரப்பட்டறை யாவும் உண்டு. குறைபாடுள்ளவர்களும் மற்றவர்களும் ஒரே வீட்டில் வசித்து, ஒரே மேஜையில் உண்டு, காலையில் அவரவர் வேலைக்குப் போனார்கள். கூலி யாருக்கும் இல்லை. அவரவர் தேவையைப் பொதுப் பணப்பையே கவனித்தது. இன்று இத்தகைய சமூகங்கள் இருபதுக்கு மேற்பட்ட தேசங்களில் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. நமது தேசத்தில் பெங்களூரிலும் ஒன்று உண்டு.

இந்த முறையில் கூலி இல்லாமையை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஏனெனில் கூட இருந்தவர்களும் கூலி வாங்கவில்லை. மேஸ்திரிக்குச் சம்பளமும் வேலைக்காரனுக்குச் சிகிச்சையும் என்ற ஏற்பாடுதான் நமக்கு அருவருப்பு. ஆயினும் பாட்டனிலும் இது நிலைக்கவில்லை. 2014-ஐ அடுத்த வருஷங்களில், கூட வாழும் தொண்டர்களைச் சம்பளக்காரர்களாக மாற்ற வேண்டுமென்று நிர்வாக டிரஸ்டு முற்பட, குடும்பத்தாரும் தொண்டர்களும் எதிர்த்துக் கோர்ட்டு வரையில் போனார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஒரு மனிதர் தியாகத்தினால் கட்டியதை அடுத்த தலைமுறை சட்டத்தினால் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அந்த மாற்றம் எங்கேயும் நோகாமல் நடப்பதில்லை. நமது தேசிய ஸ்தாபனங்கள் பலவற்றில் இதே நோவை நாம் கண்டோம்.

இனி நமது தேசத்துக்கு வருவோம். 2011-ஆம் வருஷத்து ஜனக் கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லக்ஷம் பேர் என்றும், அவர்களுள் அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் சுமார் 15 லக்ஷம் என்றும் காணப்பட்டது. கணக்கெடுப்பவர் வந்தபோது வீட்டின் உள்ளறையில் இருந்தவர்கள் இதில் சேரவில்லை. கிராமங்களில் இவர்களில் பலர் வெகு காலமாகத் தோட்டத்திலும் வயலிலும் உழைத்தே வருகின்றனர். ஆடு மேய்க்கிறார்கள், கிணற்றடியில் தண்ணீர் திருப்புகிறார்கள், நாற்றுக் கட்டுச் சுமக்கிறார்கள். அதைச் சிகிச்சை என்று எவரும் அழைத்ததில்லை. கூலி என்று கேட்டால், சோறு போடுகிறோமே என்பார்கள். பட்டணத்தில் உத்தியோகஸ்தர் வீட்டில் பிறந்தவனுடைய நிலைமை நேர் மாறானது. நம்முடைய பிள்ளை மண்வெட்டி பிடிப்பதா என்று பெற்றோருக்குக் கூச்சம். அவனை நாற்காலியில் உட்கார வைத்து, கையில் ஒரு செல்போனைக் கொடுத்து, மறுபக்கம் திரும்பி அழுகிறார்கள். பெஞ்சமின் ரஷ் கண்ட இரண்டு வகுப்பாரும் நமது ஊரில் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்லிற்று? 1948-ஆம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் சுதந்திர இந்தியாவின் ஆரம்ப காலச் சட்டங்களுள் ஒன்று. நாம் பெருமை கொள்ளத்தக்கது. ஆனால் அதன் 26-ஆவது பிரிவு, ஊனமுற்ற ஊழியர்களின் கூலிக்கு இச்சட்டம் பொருந்தாதென்று சர்க்கார் உத்தரவிட இடங்கொடுத்திருந்தது. 1938-ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டத்திலும் இதே மாதிரி ஒரு பிரிவு உண்டு. அங்கே பல மாகாணங்கள் அதற்கு எதிராகச் சட்டம் செய்துவிட்டன. குறைவாக உழைப்பவனுக்குக் குறைவாகக் கூலி கொடுப்பதில் என்ன தவறு என்று கேட்பார்கள். குறைவாக உழைக்கும் குமாஸ்தாவுக்கும் மெம்பருக்கும் அப்படிக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் ஏற்பட்ட பிறகு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உத்தேசித்திருக்கிறோம்.

சர்க்கார் உத்தியோகத்தில் 4 சதவீத ஒதுக்கீட்டை 2016-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு வைத்திருக்கிறது. அதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். 37-ஆவது பிரிவைப் பற்றிப் பேசுவோரை நாம் அதிகம் கண்டதில்லை. விவசாய நிலமும் வீட்டு மனையும் ஒதுக்கும் திட்டங்களில், 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உடையவர்களுக்கு நூற்றுக்கு ஐந்து பங்கு. அதிலும் பெண்களுக்கு உரிய முன்னுரிமை. தொழிலும் உற்பத்தி நிலையமும் அமைக்கச் சலுகை விலையில் நிலம் கொடுக்கும்போதும் நூற்றுக்கு ஐந்து பங்கு. இத்திட்டங்களைச் செய்ய வேண்டியவர்கள் யார்? சர்க்கார் மாத்திரமல்ல, ஸ்தல ஸ்தாபனங்களும் என்று அப்பிரிவு தெளிவாகச் சொல்கிறது. செய்யலாம் என்று சொல்லவில்லை. செய்ய வேண்டும் என்றே சொல்கிறது. அதாவது, நமது தகப்பனாரின் கேள்விக்கு விடையின் மற்றப் பாதி சட்டப் புத்தகத்திலேயே இருந்தது. அன்று அதை அவருக்கு எடுத்துச் சொல்லாதது நமது குறை.

செய்யக்கூடியது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. திண்டிவனத்தை அடுத்த குணமங்கலத்தில், சிருஷ்டி என்னும் ஸ்தாபனத்தார் 2013 முதற்கொண்டு, அறிவு வளர்ச்சி குன்றிய பெரியவர்கள் மற்றவர்களுடன் சேர்ந்து வாழ்ந்து விவசாயம் செய்யும் ஒரு கிராமத்தை வளர்த்து வருகின்றனர். ஒரு ஜில்லாவில் ஒரு மூலையில் நடப்பது மற்ற ஜில்லாக்களில் ஏன் நடக்கக் கூடாதென்பதற்குக் காரணம் நமக்குப் புலப்படவில்லை.

ஆனால் ஊருக்கு வெளியே ஒதுக்கி வைப்பதை மட்டும் மறுபடி ஆரம்பித்துவிடக் கூடாது. டெம்பிள்டனில் நடந்த தவறு அதுவே. பெரிய குடியேற்றங்களைவிட, வாலிபன் காலையில் தன் வீட்டிலிருந்து நடந்து போய் மத்தியானம் சாப்பாட்டுக்குத் திரும்பக்கூடிய தூரத்தில், தண்ணீர் வசதியுள்ள ஐம்பது சென்டு நிலம் போதுமென்பது நமது அபிப்பிராயம். பள்ளிச் சத்துணவுக்கும் ஊர்க் கடைக்கும் அங்கிருந்தே கீரை போகட்டும். வாங்குகிறவர்கள் பரிதாபப்பட்டு வாங்க வேண்டாம். கீரை நன்றாயிருந்தால் வாங்கட்டும்.

நிலம் கிடைத்தவுடன் முதலில் செய்ய வேண்டிய காரியம் விதைப்பதன்று, கிணற்றுக்குச் சுவர் எழுப்புவது. இவர்களில் பலருக்கு வலிப்பு வருவதுண்டு. நமது தோட்டக் கிணறுகளோ பெரும்பாலும் திறந்த வாய். பூச்சி மருந்து டப்பாக்கள் அவ்வேலிக்குள் வரவே கூடாது; எழுத்தறியாதவர்கள் புழங்கும் இடம் அது. மன நோய்க்கு மருந்து உண்பவர்களில் சிலருடைய உடம்பு வெயிலைத் தாங்காது. ஆகையால் வேலை நேரம் காலை பத்து மணிக்குள் முடிய வேண்டும், நிழலும் குடி தண்ணீரும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அரிவாளும் கத்தியும் பழகியவர் கையில் மட்டும். வருஷத்துக்கு ஒருமுறை வைத்தியரை வரவழைத்துத் தோட்டத்தையும் தோட்டக்காரர்களையும் பார்வையிடச் செய்வது நல்லது. பெண்களுக்கும் அங்கே இடம் வேண்டும். அவர்களுக்கென்று கதவுள்ள கழிப்பிடம் வேண்டும். பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டை விட்டு அனுப்பத் தயங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் அதுவே.

கூலி விஷயத்தில் நமது யோசனை எளிது. பயிற்சிக் காலம் என்று ஆறு மாதம் வைத்துக்கொள்ளட்டும். அதைச் சிகிச்சை என்றே அழைக்கட்டும். அதற்கு யாரிடமும் காசு வாங்க வேண்டாம். அதன் பின் விளைச்சலை விற்கும் நாள் முதல் அவன் தொழிலாளி. விவசாயக் கூலிக்குச் சர்க்கார் நிர்ணயித்த விகிதத்தில், வேலை செய்த மணிக்கு ஏற்றபடி, அவன் பெயரிலுள்ள பாங்குக் கணக்கிலேயே பணம் சேர வேண்டும். கீரை விற்ற பணத்தில் அது கட்டுமா? தொடக்கத்தில் கட்டாது. குறைவதைப் பஞ்சாயத்தும் சர்க்காரும் நிரப்ப வேண்டும். உள்ளறையில் ஒருவனைப் பூட்டி வைத்து, அவனைக் காக்க ஒரு தாயும் வேலைக்குப் போகாமல் வீட்டில் கிடப்பதற்கு ஆகும் செலவை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுதுவதில்லை. எழுதிப் பார்த்தால் இந்தக் குறை பெரிதாகத் தோன்றாது.

நமது பத்திரிகையைப் படிக்கிறவர்களில் அநேகர் ஊர்க் காரியங்களில் ஈடுபட்ட தொண்டர்கள். தமிழ்நாட்டில் கிராம சபை வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது. தெரு விளக்கும் சாக்கடையும் அங்கே பேசப்படுகின்றன; பேச வேண்டியவைதான். அதற்கு முன் ஒரு நாள் தங்கள் கிராமத்தில் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டு வீட்டோடு கிடக்கும் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்று வீடு வீடாகப் போய் எழுதி எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம். உள்ளறைக் கதவைத் தட்டத் தயங்க வேண்டாம். அந்தப் பட்டியலோடு, 37-ஆவது பிரிவின்படி இந்தப் பஞ்சாயத்து இதுவரை என்ன திட்டம் செய்தது என்ற ஒரு கேள்வியையும் எழுத்து மூலமாகக் கொடுத்து, அது நடவடிக்கைப் புத்தகத்தில் பதிவாகும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். பதில் வராவிடில் கலெக்டருக்கு நகல் அனுப்பலாம். அதற்கும் மேலே போக வேண்டியவர்களுக்கு நமது வக்கீல் அறை திறந்தே இருக்கிறது, பீஸ் இல்லை.

நம்மிடம் வந்த தகப்பனாரின் ஊரிலும் கிராம சபை கூடுகிறது. அந்தப் பிரிவின் பிரதி ஒன்றைத் தமிழில் எழுதி, ஒரு பொட்டலம் சிறுகீரை விதையோடு அவருக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறோம்.